கிறகரி சட்டம் நீக்கப்பட்ட விதம்

செபமாலையின் மகன் கிறகரி செத்த பிறகுதான் பிரபலமானான். உயிரோடு இருந்தபோது மொன்ட்ரியால்-நோரில் ஒரு தெருவுக்கும், அவன் வேலை செய்த டயர்க் கடைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிற ஒரு கால்பந்துக் குழுவுக்கும் மட்டும்தான் அவனைத் தெரியும். செத்த பிறகு மாகாணம் முழுவதற்கும் தெரிந்தது. காரணம், அவன் ஒரு சட்டமாகிவிட்டான்.

அது இப்படி நடந்தது. பங்குனி மாதத்தில் ஒரு பின்னேரம். பனி உருகித் தெருவெல்லாம் சாம்பல் நிறச் சேறாக இருந்தது. கிறகரி வேலை முடிந்து, டெப்பனர் என்கிற தெருமுனைச் சின்னக் கடை ஒன்றுக்கு முன்னால் பஸ்ஸுக்காக நின்றான். இரண்டு கார்களில் வந்த பெடியன்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அவர்களில் எவருக்கும் காயமில்லை. பஸ் தரிப்பிடத்தில் நின்ற கிறகரி மட்டும் விழுந்தான். அவனுக்கு வயது இருபது.

வழக்கை விசாரிக்க வந்தவர் பெலாஞ்சே என்ற துப்பறியும் அதிகாரி. குறைவாகப் பேசுகிற, நிறைய நடக்கிற மனிதர். சுட்டபோது துப்பாக்கிகளிலிருந்து தெறித்துச் சேற்றுக்குள் கிடந்த வெற்று ரவைக் கோதுகளைப் பொறுக்கி எடுத்தார். டெப்பனர்க்காரரின் கமராவைப் பார்த்தார். மாடிவீடுகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். அடக்கம் முடிந்த கிழமையே ஒரு காரின் நிறமும், பாதி இலக்கத் தகடும், வாய் திறக்கத் தயாராக இருந்த இரண்டு சாட்சிகளும் அவர் கையில் இருந்தன.

"இன்னும் கொஞ்ச நாள், மிஸியூ செபமாலை. அவசரப்படாதீர்கள்" என்றார்.

செபமாலை அவசரப்படவில்லை. அவசரப்பட்டவர் அமைச்சர்.

அமைச்சர் பூச்செண்டோடும் இரண்டு தொலைக்காட்சிக் கமராக்களோடும் வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். ஒரு கமரா அதைச் சரியாகப் பிடிக்கவில்லை என்றதும், போட்டுவிட்டு மறுபடியும் கழற்றினார். பக்கத்து வீட்டார் கொண்டுவந்து வைத்திருந்த ரோல்ஸில் ஒன்றை எடுத்துக் கடித்து, கண்களை மூடி, உங்கள் சமூகத்தின் துயரம் எனக்குப் புரிகிறது என்றார். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு பித்தளைக் கோதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"ஒவ்வொரு துப்பாக்கியும் சுடும்போது தன் கோதில் ஒரு கீறலைப் போடுகிறது. மனிதனுக்குக் கைரேகை மாதிரி. இனிமேல் இந்த மாகாணத்தில் விற்கப்படும் ஒவ்வொரு துப்பாக்கியாலும் கடைக்காரரே ஒருமுறை சுட்டு, அந்தக் கோதை எங்களுக்கு அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் படம் பிடித்துச் சேமித்து வைப்போம். உங்கள் மகனுக்குப் பக்கத்தில் கிடந்த கோதை அவற்றோடு ஒப்பிடுவோம். கொன்றவன் தப்பவே முடியாது."

செபமாலையின் மகள் மேனுகா இதைப் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொன்னாள். செபமாலைக்குக் கண் நிறைந்தது. அவருடைய மனைவி கமலாவதி மட்டும் சுவரில் சாய்ந்தபடி கேட்டாள்.

"அந்தப் பெடியள் துவக்கைக் கடையில போய் பில் போட்டே வாங்கினவங்கள்? அதை ஒருக்காக் கேள் பிள்ளை."

மேனுகா தயங்கித் தயங்கிக் கேட்டாள். அமைச்சர் கமலாவதியை மிகுந்த மரியாதையோடு பார்த்து, "அருமையான கேள்வி" என்றார். கேள்விக்கு அவர் சொன்ன பதில் அவ்வளவுதான். அடுத்து, சட்டத்துக்குக் கிறகரியின் பெயரை வைக்க அனுமதி கேட்டார். செபமாலை கையெழுத்து வைத்தார்.

கிறகரி சட்டம் ஒரு எதிர்ப்பு வாக்குக்கூட இல்லாமல் நிறைவேறியது. உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எவ்வளவு நேரம் கைதட்டினார்கள் என்பதைச் செய்தியில் சொன்னார்கள். சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல நேரம் போதவில்லை.

நகரின் கிழக்கில், முன்பு பற்பசை செய்த ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் மாகாண ரவைக் கோது அடையாள மையம் திறக்கப்பட்டது. சுவரெல்லாம் வெள்ளை அடித்திருந்தார்கள், ஆனாலும் உள்ளே போனால் பல் தீட்டியது போன்ற ஒரு புத்துணர்ச்சி வந்தது. நாடாவை வெட்டுவதற்குச் செபமாலையின் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். விமான நிலையத்தில் பயணிகள் விட்டுப்போன தள்ளுவண்டிகளைச் சேர்த்துத் தள்ளுகிற வேலை அவருக்கு. அன்றைக்கு லீவு கேட்டு, கிறகரியின் அடக்கத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தார். அவருக்குச் 'சட்டத்தின் கௌரவத் தந்தை' என்று எழுதிய ஓர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். அதனோடு கார் நிறுத்துவதற்கான அனுமதியும் தந்தார்கள். செபமாலையிடம் கார் இல்லை.

மையத்தின் பணிப்பாளர், நீலக் கண்ணாடி போட்ட ஓர் அம்மையார், உரையாற்றினார். "இன்று முதல் இந்த மாகாணத்தில் துப்பாக்கிகள் பேசும். நாங்கள் கேட்போம்."

கூட்டத்தின் ஓரத்தில் பெலாஞ்சே நின்றார். புதிய சீருடை. ஒப்பீட்டுப் பிரிவின் தலைவராக அவரைப் பொலிசிலிருந்து இங்கே மாற்றிவிட்டார்கள். தன் மகனின் வழக்கைப் பார்த்த மனிதரே உள்ளே இருக்கிறார் என்று செபமாலைக்குப் பெரிய நிம்மதி. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெலாஞ்சே கையைக் கொடுத்தார், முகத்தைக் கொடுக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு பங்குனியிலும் மையம் ஆண்டு விழா வைத்தது. ஒவ்வொரு விழாவிலும் செபமாலை முன்வரிசையில் இருந்தார். முதல் வருடம் மான் வேட்டைக்காரர்களின் கோதுகள் வந்து குவிந்திருந்தன. இரண்டாம் வருடம் வங்கிப் பணம் கொண்டுபோகும் காவலர்களின் கோதுகள். மூன்றாம் வருடம் ஒரு நாடகக் குழு, மேடையில் புகை மட்டும் விடுகிற தன் துப்பாக்கியின் கோதைத் தானாக முன்வந்து அனுப்பியது. அந்தக் குழுவுக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். கோதுகள் கறுக்கத் தொடங்கியபோது ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் இயந்திரம் வந்தது. இயந்திரம் சத்தம் போட்டபோது ஊழியர்களின் மன அமைதிக்காக ஓர் ஆலோசகர் வந்தார். கோது வடிவத்தில் கேக் வெட்டினார்கள். முதல் துண்டைச் செபமாலைக்கு ஊட்டிப் படம் எடுத்தார்கள்.

நான்காம் வருடம் அவர் மெதுவாகக் கேட்டார். மேனுகா மொழிபெயர்த்தாள்.

"என்ர மகனுக்குப் பக்கத்தில கிடந்த கோதை ஒப்பிட்டுப் பாத்தனீங்களோ?"

பணிப்பாளர் அம்மையார் அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றினார். "மிஸியூ, எங்கள் மையத்துக்கு வரும் ஒவ்வொரு கோதும் துப்பாக்கியை வாங்கியவரின் கையெழுத்தோடு வர வேண்டும். அதுதான் விதி. உங்கள் மகனின் கோது கையெழுத்து இல்லாமல் இருக்கிறது."

"ஆர் கையெழுத்து வைக்கவேணும்?"

"துப்பாக்கியின் உரிமையாளர்."

மேனுகா மொழிபெயர்க்காமல் நின்றாள். "என்னவாம்?" என்று செபமாலை கேட்டார்.

"அண்ணாவைச் சுட்டவன் வந்து கையெழுத்து வைக்கவேணுமாம், அப்பா."

அம்மையாருக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் தந்தையும் மகளும் பேசியது நன்றி என்று நினைத்துக்கொண்டு, கடமையைத்தானே செய்கிறோம் என்றார். பிறகு, விதிவிலக்குக்கு வழி இருக்கிறது, எல்லாம் நடைமுறையில் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தால் அங்கேயும் ஒரு மரியாதையான குரல், உங்கள் மகனின் கோப்பு மையத்தின் முடிவுக்காகக் காத்திருக்கிறது என்றது. இரண்டு இடத்திலும் வேலை நடக்கிறது என்று செபமாலை நம்பினார். நம்பாவிட்டால், அந்தக் கேக்கை எல்லாம் எதற்குத் தின்றோம் என்று யோசிக்க வேண்டி வந்திருக்கும்.

கமலாவதி ஒரு விழாவுக்கும் போனதில்லை. "நீங்கள் போங்கோ. போய் மான் சுடுறவனோட இருந்து படம் எடுங்கோ" என்பாள்.

"அரசாங்கம் செய்யுது, கமலா. எங்கட நாடு மாதிரியே? இஞ்ச ஒரு முறை இருக்கு."

"முறை இருக்குத்தான். பிள்ளையைச் சுட்டவனும் இருக்கிறான்."

ஏழாம் வருடம் விழாவுக்கு அழைப்பு வரவில்லை. அதற்குப் பதிலாக அமைச்சரின் காரியதரிசியிடமிருந்து தொலைபேசி வந்தது. மேனுகா கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மாறியது. வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சட்டத்தை எடுக்கப் போயினமாம், அப்பா."

"எங்க எடுத்துக்கொண்டு போகினம்?"

"இல்லை. இல்லாமல் செய்யப் போயினம். அதுக்கு ஒரு கூட்டம் வைக்கினமாம். நீங்கள் வந்து உங்களுக்குச் சம்மதம் எண்டு சொல்லவேணுமாம். என்ன சொல்லுறதெண்டும் அவையளே எழுதி அனுப்புவினமாம்."

கமலாவதி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்ப சட்டத்துக்கும் செத்தவீடோ?"

கூட்டம் நகர மத்தியில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. சட்டசபைக் குழுவின் உறுப்பினர்கள் குதிரை லாடம் போன்ற மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். செபமாலைக்கு நடுவில் ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு கிளாஸ் தண்ணீர். பக்கத்தில் மேனுகா.

முதலில் அமைச்சர் எழுந்தார். அதே அமைச்சர்தான். தலைமயிர் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"இந்தச் சட்டத்தைக் கொண்டுவர அன்று துணிவு தேவைப்பட்டது. அந்தத் துணிவு என்னிடம் இருந்தது. இன்று இதை நீக்கத் துணிவு தேவைப்படுகிறது. அதுவும் என்னிடமே இருக்கிறது. ஒரு தவறைத் திருத்த வேண்டுமென்றால் முதலில் யாராவது அந்தத் தவறைச் செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பை நான் தட்டிக்கழிக்கவில்லை."

கைதட்டினார்கள்.

அடுத்துப் பணிப்பாளர் அம்மையார். குரல் தழுதழுத்தது. "இத்தனை வருடத்தில் எங்கள் மையத்திலிருந்து ஒரு கோதுகூடக் காணாமல் போகவில்லை. ஒன்றுகூட! உலகில் எத்தனை நிறுவனங்கள் இப்படிச் சொல்ல முடியும்?"

மூலையில் இருந்த ஓர் இளம் உறுப்பினர், இந்தக் குழுவுக்குப் புதியவர், கையை உயர்த்தினார். "அந்தக் கோதுகளால் எத்தனை கொலைகாரர்கள் பிடிபட்டார்கள்?"

மண்டபத்தில் ஒரு சங்கடம் பரவியது. சாப்பாட்டு மேசையில் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னவரைப் பார்ப்பதுபோல் மற்ற உறுப்பினர்கள் அவரைப் பார்த்தார்கள்.

"ஒருவரும் இல்லை" என்றார் அம்மையார். "ஆனால் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஓர் ஆண்டறிக்கை தயாரித்திருப்போம்."

பிறகு பெலாஞ்சேயைக் கூப்பிட்டார்கள். அவர் உட்காரவில்லை. அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிறார் என்று குழுவின் தலைவர் அறிமுகப்படுத்தினார். ஒப்பீட்டுப் பிரிவின் சாதனைகளைச் சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டார்.

"சாதனை இல்லை" என்றார் பெலாஞ்சே. "எங்கள் பிரிவு ஒப்பிட வேண்டுமானால் பொலிஸ் கேட்க வேண்டும். பொலிஸ் கேட்கவில்லை. மையத்திலிருந்து முடிவு வரும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அவர்களிடமிருந்து வேண்டுகோள் வரும் என்று நாங்கள் காத்திருந்தோம்."

"எந்த வழக்கில்?" என்றார் அந்த இளம் உறுப்பினர்.

பெலாஞ்சே செபமாலையின் பக்கம் திரும்பினார். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவருடைய கண்ணை நேராகப் பார்த்தார்.

"இவருடைய மகனின் வழக்கில். நான் அதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். வரச் சொன்னார்கள். என் இடத்துக்கு யாரையும் போடவில்லை, கிறகரி சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். கமராப் பதிவு அழிந்துபோனது. ஒரு சாட்சி வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார். ஒருவர் செத்துவிட்டார். நான் ஏழு வருடம் மான் துப்பாக்கிக் கோதுகளைப் படம் பிடித்தேன். அந்தக் கைத்துப்பாக்கி எல்லைக்கு அப்பாலிருந்து களவாக வந்தது என்று சட்டம் வருவதற்கு முன்பே நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அது எந்தக் கடையிலும் விற்ற துப்பாக்கி இல்லை. அதன் கோது எங்கள் மையத்துக்கு ஒருநாளும் வந்திருக்காது."

மேனுகா ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தாள். கடைசி வசனத்தில் அவளுடைய தமிழ் நின்றுவிட்டது. செபமாலைக்கு அது தேவைப்படவும் இல்லை. ஏழு வருட விழாக்களில் அந்த அளவுக்குப் பிரெஞ்சு அவருக்குள் ஊறியிருந்தது.

தலைவர், "மிக நேர்மையான சாட்சியம். மெர்சி. இப்போது சட்டத்தின் கௌரவத் தந்தை சில வார்த்தைகள் பேசுவார்" என்றார்.

மைக்குக்கு முன்னால் அவர்கள் எழுதிக்கொடுத்த தாள் இருந்தது. என் மகனின் நினைவு எந்தச் சட்டத்தையும் விடப் பெரியது, ஆகவே இந்த நீக்கத்தை முழுமனதோடு ஆசீர்வதிக்கிறேன் என்று அதில் இருந்தது. செபமாலை தாளைத் தொடவில்லை. அமைச்சரைப் பார்த்துத் தமிழில் கேட்டார். மேனுகா பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, இந்த மனிசன் எழுதிக் குடுத்தது உங்களிட்ட வந்ததோ?"

"எந்தக் கடிதம்?"

"துவக்கு களவாய் வந்தது, கடையில வாங்கினதில்லை எண்டு."

அமைச்சர் தன் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் கூரையைப் பார்த்தார்.

"வந்திருக்கலாம்" என்றார் அமைச்சர். பிறகு, மறைக்க ஒன்றுமில்லாத மனிதரின் இதமான குரலில் தொடர்ந்தார். "மிஸியூ செபமாலை, நீங்கள் நினைத்துப் பாருங்கள். அன்று உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். மாகாணமே அழுதுகொண்டிருந்தது. நான் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. ஒரு துப்பறிவாளர் தெருத் தெருவாக நடக்கிறார், பொறுமையாக இருங்கள் என்று நான் போய்த் தொலைக்காட்சியில் சொல்ல முடியுமா? உங்களுக்கு ஆறுதலாக ஒன்றைத் தந்தேன். அது உங்களுக்கு ஏழு வருடம் ஆறுதல் தந்திருக்கிறது. ஒரு சட்டத்திடமிருந்து வேறு என்ன எதிர்பார்க்கிறோம்?"

சில உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஓர் அம்மா கண்ணைத் துடைத்தார்.

செபமாலைக்குக் கோபம் வந்திருந்தால் கத்தியிருப்பார். வந்தது வெட்கம். கேக் ஊட்டிய விரலும், கழுத்தில் மாட்டிய அட்டையும், பற்பசை வாசனையும், முன்வரிசையில் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்த தன்னுடைய முகமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மகனைக் கொன்றவனைத் தேடுகிறார்கள் என்று நினைத்து, தேடாமல் விடுவதற்குத்தான் அவர் கையெழுத்து வைத்திருந்தார். கமலாவதியிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது?

வாக்கெடுப்பு நடந்தது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. கேள்வி கேட்ட இளம் உறுப்பினரும் கையை உயர்த்தினார். அவர் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. கோதுகளை உருக்கிப் பித்தளையை விற்பதாகவும், அதில் ஒரு சிறு பகுதியில் செபமாலைக்கு நினைவுச் சின்னம் வார்ப்பதாகவும் ஒரு துணைத் தீர்மானம் நிறைவேறியது. கடைசியில் தலைவர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"நம்மை விட்டுப் பிரியும் மையத்துக்கும், அதன் ஊழியர்களின் அர்ப்பணிப்புக்கும் ஒரு நிமிட மௌன அஞ்சலி."

எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். அந்த மண்டபத்தில் கிறகரிக்காக யாரும் ஒரு நிமிடம் நின்றதில்லை. செபமாலை நிற்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பி, கழுத்து அட்டையைக் கழற்றித் தண்ணீர்க் கிளாசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்த மௌனத்துக்குள்ளால் சப்பாத்துச் சத்தம் கேட்க நடந்து வெளியே போனார். மேனுகா பின்னால் ஓடினாள்.

"வீட்டை போவமா, அப்பா?"

"இல்லை. பொலிசுக்கு."

இரண்டு பஸ் மாறி மொன்ட்ரியால்-நோர்ப் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். முன்மேசையில் ஓர் இளம் பெண் அதிகாரி இருந்தாள். மேனுகா வாயைத் திறக்குமுன் செபமாலை தன் உடைந்த பிரெஞ்சில் தானே சொன்னார்.

"போன்ஜூர். என் மகனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். முறைப்பாடு செய்ய வந்தேன்."

அதிகாரி பதறி எழுந்தாள். "எங்கே? எப்போது?"

"ஏழு வருடத்துக்கு முன்னால்."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். பெயரைக் கேட்டுத் தட்டினாள். திரையைப் படித்தாள். நெற்றியைச் சுருக்கி மறுபடியும் படித்தாள்.

"உங்கள் மகனின் கோப்பு மையத்தின் முடிவுக்காகக் காத்திருந்தது. மையம் இன்று மதியம் நீக்கப்பட்டதால் முடிவு இனி வராது. அதனால் கோப்பு தானாக மூடப்பட்டிருக்கிறது." இதைச் சொல்லும்போது அவளுக்கே குரல் இறங்கியது. "மன்னியுங்கள். புதிய தகவல் ஏதாவது இருந்தால் மட்டும்தான் திறக்கலாம். ஏதாவது இருக்கிறதா?"

மேனுகா தகப்பனைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. கமரா இல்லை, சாட்சி இல்லை, காரும் இந்நேரம் எங்கேயாவது இரும்பாகப் போயிருக்கும்.

"இருக்கு" என்றார் செபமாலை தமிழில். "சொல்லு பிள்ளை. இவ்வளவு காலமும் என்ர மகனைச் சுட்டவனை ஒருத்தரும் தேடேல்லை. இது எங்களுக்கு இண்டைக்குத்தான் தெரியும். இதுதான் புதுத் தகவல். எழுதச் சொல்லு."

மேனுகா சொன்னாள். அந்தப் பெண் எழுந்து வந்து, செபமாலைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.